பழைய இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் பாகங்களை மாற்றும் முறை

பழைய பெட்ரோல் இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்கிற்கும் பொறிக்கான மின்சாரத்தைப் பகிர்ந்தளிப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதில் தேய்ந்தும் கருகியும் அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பவை பாயின்ட் (திறந்து மூடும் மின்தொடர்பு), கன்டென்சர், ரோட்டார் (சுழலும் கை), கேப் (மூடி) ஆகிய நான்கும்தான். ஒரு ஸ்குரூ டிரைவர், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), பன்னிரண்டு வோல்ட் சோதனை விளக்கு ஆகியவை கையில் இருந்தால் இவற்றை வீட்டிலேயே மாற்றிவிடலாம். ஆனால் புதிய பாகங்களைப் பூட்டியதும் வண்டி கிளம்ப மறுப்பது அடிக்கடி நடக்கிறது. அப்போது உடனே பாகத்தைக் குறை கூறுகிறோம். பெரும்பாலும் காரணம் வேறாக இருக்கும். ஒரு சிறிய வாஷர் இடம் மாறியிருக்கும், பிளக் வயர் ஒன்று பக்கத்துத் துளைக்குப் போயிருக்கும், அல்லது பாயின்ட் இடைவெளியை மாற்றியவர் டைமிங்கை, அதாவது பொறி விழும் கணத்தை, திரும்பப் பார்க்காமல் விட்டிருப்பார்.

இடைவெளிக்கும் டைமிங்குக்கும் உள்ள தொடர்பைப் புரிந்துகொண்டால் வேலையின் வரிசை தானாகவே விளங்கிவிடும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. பாயின்ட் மூடியிருக்கும்போது, பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் பாய்ந்து காந்தப்புலம் உருவாகிறது. தண்டில் உள்ள மேடுபள்ளமான கேமின் முனை பாயின்ட்டைத் திறந்தவுடன் அந்தப் புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. ரோட்டார் அதை அந்தந்த சிலிண்டரின் பிளக்கிற்கு அனுப்புகிறது. பாயின்ட் திறக்கும் கணத்திலேயே பாயின்ட்டிடையே தீப்பொறி பறந்து புலம் மெதுவாகச் சரியாதபடி தடுப்பது கன்டென்சர். ஆகவே பாயின்ட் திறக்கும் கணமே பிளக்கில் பொறி விழும் கணம். இடைவெளி அகன்றால் பாயின்ட் சற்று முன்னதாகத் திறக்கும், டைமிங் முன்னேறும்; இடைவெளி குறுகினால் டைமிங் பின்தங்கும். முதலில் இடைவெளி, அதன் பிறகே டைமிங் என்ற வரிசைக்குக் காரணம் இதுதான். டைமிங்கை முதலில் வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால், செய்த வேலை வீணாகும்.

கழற்றுவதற்கு முன்

இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கேப்பையும் வயர்களையும் இரண்டு கோணங்களில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்கு வரும்வரை கிராங்க் புல்லியைத் திருப்ப வேண்டும். முதல் சிலிண்டரின் பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டால், காற்று விரலைத் தள்ளுவதைக் கொண்டு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கை அறியலாம். புல்லியின் குறி மட்டும் பொருந்தினால் போதாது, ஏனெனில் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவிலும் அதே குறி அதே இடத்திற்குத்தான் வரும். இன்ஜினை எப்போதும் அது ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மீண்டும் முன்னோக்கி வர வேண்டும். டைமிங் செயினிலும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரிலும் உள்ள தளர்வு அப்போதுதான் ஒரே பக்கமாக நிற்கும். இந்த நிலையில் ரோட்டார் காட்டும் திசையை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலில் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற சில வண்டிகளில் அந்த இடத்தில் விளிம்பிலேயே ஒரு வெட்டுக்குறி இருக்கும்.

பாகங்களை மாற்றுவதற்காக மட்டும் டிஸ்ட்ரிபியூட்டரை இன்ஜினிலிருந்து வெளியே எடுக்க வேண்டியதில்லை. இடம் குறுகலாக இருந்தோ, தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தோ எடுக்கத்தான் வேண்டுமென்றால், சாய்வுப் பல் கியர் உள்ள வகையில் மேலே தூக்கும்போதே ரோட்டார் சற்றுத் திரும்புவதைக் கவனிக்க வேண்டும். தூக்குவதற்கு முன் ரோட்டார் நின்ற இடம், தூக்கி முடித்ததும் நின்ற இடம் என இரண்டையும் குறித்து வைத்தால், திரும்ப இறக்கும்போது இரண்டாவது குறியில் தொடங்கி முதல் குறியில் முடிக்கலாம்.

பழைய பாகங்களைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு முறை நன்றாகப் பார்ப்பது அவசியம். இன்ஜினின் நோய் அவற்றில்தான் எழுதியிருக்கும். கேப்பின் உட்புறத்தில் இரு முனைகளுக்கிடையே மயிரிழை போன்ற கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் பிளக்கிற்குப் போகாமல் அந்த வழியே கசிந்திருக்கிறது. பாயின்ட்டின் ஒரு முகத்தில் மேடும் மறு முகத்தில் குழியும் ஆழமாக இருந்தால் கன்டென்சரைச் சந்தேகிக்கலாம். இரு முகங்களும் எண்ணெய்ப் பசையோடு கருகியிருந்தால், உள்ளே அளவுக்கு மீறி எண்ணெய் வந்திருக்கிறது.

அதே நேரத்தில் தண்டை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். உணரக்கூடிய ஆட்டம் இருந்தால் எவ்வளவு நல்ல பாயின்ட்டைப் பூட்டினாலும் இடைவெளி நிலைக்காது. ரோட்டாரை அது சுழலும் திசையில் சற்றுத் திருகிவிட்டால், வேகம் கூடும்போது டைமிங்கை முன்னேற்றும் மையவிலக்கு அட்வான்ஸின் ஸ்பிரிங்குகள் அதைச் சட்டென்று திரும்ப இழுக்க வேண்டும். இன்ஜினின் உறிஞ்சு விசையால் டைமிங்கை முன்னேற்றும் வேக்வம் அட்வான்ஸின் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடித்தால், உள்ளே இருக்கும் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நழுவித் திரும்பினால் அதன் டயஃப்ரம் (உட்சவ்வு) கிழிந்திருக்கிறது.

பாயின்ட்டும் கன்டென்சரும்

முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் தட்டில் உள்ள துளைகளைத் துணியால் அடைத்துவிட வேண்டும். கை நழுவும் சிறு ஸ்குரூ தட்டுக்கு அடியில் விழுந்துவிட்டால், அதை எடுக்க முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்ற நேரிடும். காந்தமுனை ஸ்குரூ டிரைவர் இங்கே மிகவும் உதவும்.

புதிய பாயின்ட்டின் முகங்களில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். அதை ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான அட்டைத் துண்டை இடையில் வைத்து இழுத்துத் துடைக்காவிட்டால், முதல் நாளிலேயே பொறி பலவீனமாகும். மணல் தாளைப் பயன்படுத்தக் கூடாது. அதன் துகள்கள் உலோகத்தில் பதிந்துவிடும்.

இந்த வேலையில் அதிகமானோர் தடுக்கி விழுவது வயர்களை இணைக்கும் இடத்தில்தான். காயிலிலிருந்து வரும் வயரின் முனையும் கன்டென்சர் வயரின் முனையும் பாயின்ட்டின் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். ஆனால் அந்த மூன்றும் சேர்ந்து தட்டையோ, அவற்றைத் தாங்கும் உலோகத் தண்டையோ எங்கும் தொடக் கூடாது. இதற்காகவே நைலான் வாஷரும் புஷ்ஷும் தரப்படுகின்றன. லூக்காஸ் நிறுவனத்தின் டிஸ்ட்ரிபியூட்டர்கள் சிலவற்றில் அந்த உலோகத் தண்டின் மேல் வரும் புஷ்ஷின் கழுத்து இரண்டு வயர் முனைகளின் துளை வழியாகவும் இறங்க வேண்டும். வாஷரை அடியில் வைப்பதற்குப் பதிலாக மேலே வைத்துவிட்டால், பாயின்ட் திறந்தாலும் மின்சாரம் எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும்; ஒரு பொறிகூட வராது. பழையதைக் கழற்றும்போது ஒவ்வொரு வாஷரையும் வந்த வரிசையிலேயே ஒரு காகிதத்தில் அடுக்கி வைப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. தட்டையும் உடலையும் இணைக்கும் பின்னிய எர்த் வயர் அறுந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

கன்டென்சர் வகையில் என் கருத்து சற்றுக் கடுமையானது. இப்போது கிடைக்கும் புதிய கன்டென்சர்களில் தரம் குறைந்தவை பல உள்ளன. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதை, புதிதுக்கு ஆசைப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கேமின் மேல் உருகாத வகை கிரீஸை அரிசி மணி அளவுக்கும் குறைவாகத் தடவ வேண்டும். ரோட்டாருக்கு அடியில் ஃபெல்ட் இருந்தால் அதில் ஓரிரு சொட்டு இன்ஜின் ஆயில் விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் அது பாயின்ட்டுக்குத்தான் பறந்து போகும்.

இனி இடைவெளி. பாயின்ட்டின் தேய்ப்புக் கட்டை கேமின் ஒரு முனையின் சரியான உச்சியில் நிற்கும்வரை இன்ஜினைத் திருப்பி, பூட்டு ஸ்குருவைச் சிறிது மட்டும் தளர்த்தி, ஃபீலர் கேஜின் தகடு மெல்லிய உராய்வோடு நுழைந்து வரும்படி வைக்க வேண்டும். தகட்டில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு நுழைக்கவும். பல கார்களில் இந்த அளவு 0.35 முதல் 0.50 மி.மீ. வரை இருக்கும், பீட்டிலுக்கு 0.40 மி.மீ.; லூக்காஸ் 25டி4 வகைக்கு 0.35 முதல் 0.40 மி.மீ. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. ஸ்குருவை இறுக்கும்போது தட்டு சற்று நகர்வது வழக்கம், ஆகவே இறுக்கிய பிறகும் ஒருமுறை அளக்க வேண்டும். மற்ற முனைகளிலும் அளந்து பார்த்து, அவற்றுக்குள் தெளிவான வேறுபாடு இருந்தால் கேமோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

டுவெல் மீட்டர் (பாயின்ட் மூடியிருக்கும் பாகையை அளக்கும் கருவி) இருந்தால் அதை நம்புவது மேல். ஓடித் தேய்ந்த பாயின்ட்டில் ஃபீலர் கேஜ் மேட்டின் மேல் உட்கார்ந்து, உண்மையைவிடக் குறைந்த இடைவெளியைக் காட்டும். அதை நம்பித் திறந்து வைத்தால் இடைவெளி மிகுந்துவிடும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் சுழற்சியில் ஒரு பொறிக்கு 90 பாகை கிடைக்கிறது. அதில் பாயின்ட் மூடியிருக்கும் பங்கே டுவெல். பீட்டிலில் அது 44 முதல் 50 பாகை, லூக்காஸ் 25டி4 வகையில் 60 பாகையை ஒட்டி இருக்கும். டெல்கோ-ரெமி நிறுவனத்தின் ஜன்னல் கேப் உள்ள வி8 இன்ஜின்களுக்கு இன்னும் வசதி: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக ஆலன் சாவியை நுழைத்து, துடிப்பு தடுமாறும்வரை வலப்பக்கம் திருப்பி, அரைச் சுற்றுப் பின்னால் கொண்டுவந்தால் டுவெல் ஏறத்தாழ 30 பாகைக்கு வந்துவிடும்.

ரோட்டார், கேப், வயர்கள்

ரோட்டார் அதன் சாவிப் பள்ளத்தில் இறுதிவரை இறங்கியிருக்க வேண்டும். கேப்பின் நடுவில் உள்ள கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோடு தாராளமாக ஏறி இறங்குகிறதா என்று அழுத்திப் பார்க்கவும். கேப்பின் அடியில் உள்ள பள்ளம் உடலின் முனையோடு பொருந்தாமல் சாய்ந்து நின்றால், முதல் சுழற்சியிலேயே ரோட்டார் உடைந்துவிடும்.

வயர்களை மொத்தமாகப் பிடுங்க வேண்டாம். புதிய கேப்பைப் பழையதன் பக்கத்தில் அதே திசையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வயராக எடுத்து மாற்றுவதே பாதுகாப்பானது. வரிசை குழம்பிவிட்டால், ரோட்டார் சுழலும் திசையில் முதல் சிலிண்டரிலிருந்து எரிப்பு வரிசைப்படி இணைக்க வேண்டும். நான்கு சிலிண்டர் கார்களில் பெரும்பாலும் அது 1-3-4-2.

டைமிங் வைத்தல்

புல்லியைக் கையேடு சொல்லும் குறிக்குக் கொண்டுவந்து, பேட்டரியை இணைத்து, காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே சோதனை விளக்கை மாட்டி, இக்னிஷனைப் போட வேண்டும். பாயின்ட் மூடியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், திறந்தால் எரியும். கிளாம்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை முதலில் ரோட்டார் சுழலும் திசையில் விளக்கு அணையும்வரை திருப்பி, பிறகு எதிர்த்திசையில் மெதுவாகக் கொண்டுவந்து, விளக்கு எரியத் தொடங்கும் அதே புள்ளியில் நிறுத்தி இறுக்க வேண்டும். சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னேறும், அதே திசையில் திருப்பினால் பின்தங்கும். இக்னிஷனை நீண்ட நேரம் போட்டே வைக்கக் கூடாது. பாயின்ட் மூடிய நிலையில் காயில் சூடேறிக் கெடும்.

இந்த விளக்கே கோளாறையும் சொல்லிவிடும். இன்ஜினைச் சுழற்றும்போது விளக்கு மாறி மாறி எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் முதலில் வாஷர் வரிசையைப் பாருங்கள். அணையவே இல்லையென்றால் பாயின்ட் மூடவில்லை அல்லது முகத்தில் அழுக்கு இருக்கிறது. விளக்கு ஒழுங்காக எரிந்தும் கார்புரேட்டர் வழியாக வெடித்தால், வயர் வரிசை தவறியிருக்கலாம், அல்லது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் உச்சியை முதல் சிலிண்டரின் கம்ப்ரஷன் என்று எண்ணி வயர்களை மாட்டியிருக்கலாம்.

இன்ஜின் கிளம்பிச் சூடேறியதும் பொறி விழும்போதெல்லாம் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கைப் புல்லியின் குறியில் காட்டிச் சரிபார்க்க வேண்டும். கையேடு வேறு விதமாகச் சொல்லாவிட்டால், வேக்வம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, குறிப்பிட்ட ஐடில் வேகத்தில் பார்க்கவும். ஆக்சிலரேட்டரை உயர்த்தும்போது குறி சீராக முன்னேற வேண்டும். அங்குமிங்கும் தாவினால் தண்டின் தேய்வை மீண்டும் கவனியுங்கள்.

பாயின்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் தொகுதியைப் பூட்டுபவர்கள், வண்டி நெகட்டிவ் எர்த்தா பாசிட்டிவ் எர்த்தா என்பதையும், அத்தொகுதிக்குத் தேவையான காயில் மின்தடையையும் வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாயின்ட்டையே வைத்திருப்பவர்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இடைவெளியை ஒருமுறை அளக்க வேண்டும். புதிய தேய்ப்புக் கட்டை கேமில் படிந்து சற்றுத் தேய்வதால் இடைவெளி குறுகியிருக்கும். அதைச் சரிசெய்தால், முன்பு சொன்னபடி டைமிங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.