சிறிய இன வயதான நாய்க்குச் சிறுநீரக நோய்: முதலில் எடையையும் சாப்பாட்டையும் பாருங்கள்

‘கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய, ரத்தத்தில் உள்ள ஒரு கழிவு) ஏறியிருக்கிறது’ என்று டாக்டர் சொன்னவுடன் எல்லோரும் கேட்பது, அதை எப்படி இறக்குவது என்றுதான். நாள்பட்ட சிறுநீரக நோயில் அந்தக் கேள்விக்குப் பெரிதாகப் பதில் கிடையாது. அழிந்துபோன சிறுநீரகத் திசு திரும்ப வளராது. மிச்சமிருப்பதை எவ்வளவு காலம் ஓட்டலாம், அதுவரை நாய் சாப்பிட்டுக்கொண்டு, வாந்தி இல்லாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறதா என்பதுதான் விஷயம். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் வருடக்கணக்கில் நன்றாக இருக்கிற நாய்களும் உண்டு, அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்தே இடிந்துபோக வேண்டாம்.

முதல் வேலை, குழந்தைகளை நிறுக்கும் எடை மெஷின் ஒன்று வாங்குவது. 5 கிலோ நாய்க்கு 250 கிராம் குறைந்தால் அது உடம்பில் 5 சதவீதம், ஆனால் ரோமத்துக்குள் அது கண்ணுக்கே தெரியாது. நாயைத் தூக்கிக்கொண்டு நாம் மெஷினில் ஏறி நம் எடையைக் கழிப்பது பெரிய நாய்க்குச் சரிப்படும். இவ்வளவு சின்ன நாய்க்கு மெஷினின் பிழையே நாம் தேடும் வித்தியாசத்தை விழுங்கிவிடும். வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், சாப்பாட்டுக்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள். கூடவே எவ்வளவு சாப்பிட்டது, வாந்தி எடுத்ததா, தண்ணீர் எவ்வளவு குடித்தது என்றும் ஒரு வரி.

இனி ரிப்போர்ட். ஐரிஸ் என்ற சர்வதேச நிபுணர் குழு வகுத்த நான்கு நிலைகளைத்தான் பெரும்பாலான டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள்: நாய்க்கு ரத்தத்தில் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு 1.4 முதல் 2.8 மில்லிகிராம் வரை இரண்டாம் நிலை, 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, 5-ஐத் தாண்டினால் நான்காம் நிலை. ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து, அதுவும் நாய் வாந்தியும் பேதியுமாக வறண்டு கிடக்கும்போது எடுத்ததை வைத்து, நிலையை முடிவு செய்யக்கூடாது. இன்னொன்று, கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்துபோன கிழட்டு நாய்க்குத் தசையே குறைவு என்பதால் எண் நல்லதுபோலக் காட்டும். சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் இன்னொரு ரத்த டெஸ்ட்டான, தசையின் பாதிப்பு அவ்வளவாக இல்லாத எஸ்.டி.எம்.ஏ-வையும் கேளுங்கள். ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது என்பது, பாஸ்பரஸ் ஆகியவற்றையும் பார்க்காமல் வந்தால் பாதி விவரம்தான் கையில் இருக்கும்.

சாப்பாடு. இதில்தான் எல்லோரும் திண்டாடுகிறோம். சிறுநீரக நோய்க்கென்று விற்கும் உணவில் பாஸ்பரஸும் உப்பும் குறைவு, புரதம் அளவாக ஆனால் தரமாக இருக்கும், ஒமேகா 3 கொழுப்பு சேர்ந்திருக்கும். பொதுவாக இரண்டாம் நிலையிலிருந்து இதற்கு மாறச் சொல்கிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் மாற்றும் விதம் முக்கியம்: குமட்டலோடு இருக்கும் நாய்க்கு முன்னால் இதை வைத்தால், ‘இதைச் சாப்பிட்டால்தான் வயிற்றைப் புரட்டுகிறது’ என்று அது முடிவு கட்டிவிடும், அப்புறம் அந்த உணவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதலில் குமட்டலை அடக்குங்கள், பிறகு பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். லேசாகச் சூடுபடுத்தினால் வாசனை தூக்கும். மாத்திரையை அதில் ஒளித்து வைக்காதீர்கள். ஒரு தடவை கசந்துவிட்டால் முழு உணவும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும்.

என்ன செய்தும் தொடவில்லையா, வேறு கம்பெனியின் உணவைப் பாருங்கள், உலர்ந்ததற்குப் பதில் ஈரமானதைப் பாருங்கள். எதற்குமே மசியாவிட்டால் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரும் வேலை மட்டும் வேண்டாம். பழைய உணவைச் சாப்பிட்டு எடை நிற்கிற நாய், சரியான உணவு முன்னால் இருந்தும் பட்டினி கிடக்கிற நாயைவிட எவ்வளவோ மேல். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை குடலுக்குள் உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து வெளியேற்றுபவை என்பதால் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் பலன், வெறும் வயிற்றில் கொடுப்பது வீண். இரண்டாம் நிலையில் ரத்தத்தில் பாஸ்பரஸ் டெசிலிட்டருக்கு 4.6 மில்லிகிராமுக்குள்ளும், மூன்றாம் நிலையில் 5-க்குள்ளும், நான்காம் நிலையில் 6-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது இலக்கு.

வீட்டிலேயே சமைத்துப் போடுபவர்கள், கால்நடை உணவு நிபுணர் கணக்குப் போட்டுத் தந்த செய்முறைப்படி செய்யுங்கள். வேகவைத்த கோழியும் சோறும் மட்டும் போட்டால் கால்சியம் உட்படப் பல சத்துகள் குறையும். எலும்பும் ஈரலும் பாஸ்பரஸ் மூட்டைகள். முட்டையில் வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, மஞ்சள்கருவில்தான் அதிகம்.

குமட்டல் என்றால் வாந்தி மட்டும் அல்ல. உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் ஒழுகுவது, தட்டருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவது எல்லாம் அதுதான். மாரோபிடன்ட், ஒன்டன்செட்ரான் போன்ற மருந்துகள் நன்றாக வேலை செய்கின்றன. ‘பசியில்லை போல’ என்று விடாமல் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரை ஒருபோதும் குறைக்காதீர்கள். ராத்திரி படுக்கையை நனைக்கிறது என்று கிண்ணத்தை எடுத்து வைப்பவர்கள் உண்டு. சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் போய்விட்டதால் அது நிறையப் போகிறது, போனதை ஈடுகட்டத்தான் குடிக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் வறட்சி வந்து சிறுநீரகம் இன்னும் கெடும். உறிஞ்சும் விரிப்பு போடுங்கள், தூங்கும் முன் ஒரு தடவை வெளியே கூட்டிப் போங்கள்.

குடிப்பது போதாமல் போகும் நாய்க்கு டாக்டர் தோலுக்கடியில் ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்லலாம். கேட்கப் பயமாக இருந்தாலும் ஒரு தடவை டாக்டர் முன்னால் செய்து பழகிவிட்டால் வீட்டிலேயே முடியும். பெரும்பாலும் ரிங்கர் லாக்டேட் தருவார்கள். குளுக்கோஸ் பாட்டிலை நாமாகத் தோலுக்கடியில் ஏற்றக்கூடாது. பையை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி ஊசியைச் செலுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும் புது ஊசி. ஏற்றிய இடம் பொதியாக வீங்கும், சில சமயம் முன்னங்காலுக்கு இறங்கும், சில மணி நேரத்தில் கரைந்துவிடும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கூடுதலாக ஏற்றினால் நல்லது என்று எண்ணாதீர்கள். சிறிய இனங்களில் வயதானபின் இதய வால்வு கோளாறு மிகவும் சகஜம். அதிகத் திரவம் நுரையீரலில் போய்த் தேங்கும். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள், 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் ட்ரிப்ஸை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள்.

ரத்த அழுத்தம் (மேல் எண்) தொடர்ந்து 160-க்கு மேல் போனாலோ சிறுநீரில் புரதம் போனாலோ பெனாசெப்ரில், டெல்மிசார்டன், ஆம்லோடிபின் போன்றவற்றில் ஒன்றைத் தொடங்குவார்கள். முதல் இரண்டையும் தொடங்கி ஓரிரு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை தேவை, தவறவிடாதீர்கள். வாந்தி, பேதியால் நாய் வறண்டிருக்கும் நாளில் அவற்றைக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மூட்டு வலிக்கு வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதுவும் வேண்டாம். இபுப்ரோஃபென் சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். நாய்க்கென்றே உள்ள வலி மாத்திரையைக்கூட இந்த நோயைச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். திராட்சை, உலர் திராட்சை, புளி மூன்றும் வீட்டில் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பல் அழுக்கைச் சும்மா விடாதீர்கள், ஈறு வலித்தாலும் நாய் சாப்பிடாது. மயக்க மருந்தென்று பயந்து தள்ளிப்போடும் முன், ட்ரிப்ஸ் ஏற்றி ரத்த அழுத்தத்தைக் கவனித்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, வாந்தி நிற்காமல் இருப்பது, சிறுநீர் போகாமல் இருப்பது, திடீரென்று கண் தெரியாமல் சுவரில் முட்டுவது, வலிப்பு, எழுந்து நிற்க முடியாமை, இவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்கக்கூடாது. மருந்தும் ட்ரிப்ஸும் கொடுத்தும் நாள்கணக்கில் சாப்பிடவில்லை, எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் கருணைக்கொலை பற்றியும் டாக்டரிடம் பேச வேண்டிவரும். அந்தப் பேச்சை நாய் ஓரளவு நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை பேசி, எந்த நிலை வந்தால் நிறுத்துவது என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்வது நல்லது. நெருக்கடியான ராத்திரியில் அதை முடிவு செய்வது ரொம்பக் கஷ்டம்.