கார் பேட்டரி வாங்கப் போகிறீர்களா? முதலில் பானெட்டைத் திறங்கள்

நடவு மும்முரமாகிவிட்டால் எங்கள் வீட்டுக் கார் பத்து, பதினைந்து நாள் கொட்டகையிலேயே நிற்கும். மன்னார்குடி கடைத்தெருவுக்குப் போய்வர பைக் போதும். அப்புறம் ஒரு நாள் கும்பகோணத்தில் கல்யாணம் என்று விடியற்காலையில் சாவியைத் திருப்பினால், 'டிக் டிக்' என்ற சத்தம்தான் வரும். அவசரத்தில் கடைக்கு ஓடி, எடுத்துக் காட்டியதை வாங்கி மாட்டிவிடுகிறோம். அதற்கு முன் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

படி 1: பழுது பேட்டரியில்தானா?

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். டிசி 20 வோல்ட்டில் வைத்து, இரவு முழுக்க நின்ற காரில் சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். சாதாரண பேட்டரியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

குறைவாக இருக்கிறதே என்று உடனே புதுசு வாங்க வேண்டாம். சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றி, மறுநாள் காலையில் மறுபடி பாருங்கள். நின்றே கிடந்த கார் என்றால் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும். ஆனால் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால், தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அதன் பிறகு முழு பலம் திரும்பாது.

இன்ஜினை ஓடவிட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. 12 சொச்சத்திலேயே நின்றால், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் பக்கம் கோளாறு. புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

படி 2: உங்களுடையது எந்த வகை?

எல்லாவற்றிலும் ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும்தான். செல்லுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட் வீதம் ஆறு செல்கள். வித்தியாசம் உள்ளே கட்டிய விதத்தில் இருக்கிறது.

மேலே ஆறு மூடி இருந்தால் அது தண்ணீர் ஊற்றும் வகை. விலை குறைவு, கவனித்தால் நன்றாக உழைக்கும். ஆனால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தண்ணீர் சீக்கிரம் குறையும். ஒரு வருஷம் நான் மூடியைத் திறந்தபோது, தகடுகளின் தலை வெள்ளை பூத்து வெளியே தெரிந்தது. பதற்றத்தில் போர் தண்ணீரை ஊற்றிவிட்டேன். அந்த உப்பில் பேட்டரி அடுத்த சில மாதங்கள்கூடத் தாங்கவில்லை. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். தகடு மூழ்கும் அளவுக்கு ஊற்றி, சார்ஜ் ஏற்றி, பிறகு கோடு வரை நிரப்புங்கள். ஊற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது, உள்ளிருந்து ஹைட்ரஜன் வரும்.

மூடி இல்லாதது மெயின்டனன்ஸ் ஃப்ரீ. தகட்டு ஈயத்தில் கால்சியம் கலப்பதால் தண்ணீர் மிகக் குறைவாகவே போகும். மூடியைத் திறந்து பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

சிக்னலில் தானாக அணைந்து, தானாகக் கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் ஈஎஃப்பி (சாதாரண வகையையே பலப்படுத்தியது) அல்லது ஏஜிஎம் என்ற வகை பேட்டரி இருக்கும். ஏஜிஎம்மில் அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறி நிற்கும்; விலை மிக அதிகம். கம்பெனி எதைப் போட்டுக் கொடுத்ததோ அதே வகையைப் போடுங்கள். அந்தக் கார்களில் சாதாரண பேட்டரி சீக்கிரம் போய்விடும். நம் பழைய காருக்கு ஏஜிஎம் வாங்குவதோ வீண் செலவு.

படி 3: மாதக் கணக்கு போடுங்கள்

பழைய பேட்டரிக்குக் கழிக்கும் தொகை போக மிஞ்சும் விலையை, இலவசமாக மாற்றித் தரும் வாரண்டி மாதங்களால் வகுங்கள். உதாரணத்துக்கு, 3,600 ரூபாய்க்கு 18 மாதம் என்றால் மாதம் 200. 5,400 ரூபாய்க்கு 36 மாதம் என்றால் 150. விலை கூடியதுதான் இங்கே மலிவு. '24+24' என்று அட்டையில் எழுதியிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். முதல் 24 மாதம்தான் இலவச மாற்று, அடுத்த 24-ல் புதிதின் விலையில் தள்ளுபடி மட்டும்.

தயாரிப்புத் தேதியையும் கேளுங்கள். அலமாரியில் கிடந்தாலும் பேட்டரி தானாக இறங்கும். ஒருமுறை எனக்குக் கிடைத்தது எட்டு மாதம் கடையிலேயே இருந்தது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு மேல் ஆனதென்றால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதன் ஆம்பியர்-மணி கணக்கு) அளவும், பிளஸ் எந்தப் பக்கம் என்பதும் பழையதைப் போலவே இருக்கட்டும்.

படி 4: மாட்டுவது

கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது பிளஸ் முதலில். டெர்மினலில் பச்சை, வெள்ளை படிந்திருந்தால் சோடா உப்புக் கரைசலில் துணி நனைத்துத் துடைத்து, காயவைத்து, மாட்டிய பின் மேலே வாசலின் தடவுங்கள். கிளாம்பை ஆடாமல் இறுக்குங்கள். நம் வாய்க்கால்கரைச் சாலைக் குலுக்கலில் தகடு உதிர்வதும் உண்டு. இன்ஜினைக் கிளப்பி, மீட்டரில் 14-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு பானெட்டை மூடுங்கள்.