போலியூ குடும்பத்தோட வேரைத் தேடிப் பிடிச்சது எப்படி (என் அனுபவம்)

என் வீட்டுக்காரர் கனடாவுல இருக்குற கியூபெக்காரர், போலியூ குடும்பம். பரம்பரையைத் தேடிட்டே பின்னாடி போனா ஒரு கட்டத்துக்கு மேல அந்தப் பேர்ல ஆளே இல்ல. அங்க பிரெஞ்சு காலனி காலத்துல நிறைய குடும்பத்துக்கு ரெண்டு பேரு, நடுவுல 'டி'னு (dit, அதாவது 'என்கிற') சேர்த்து எழுதுவாங்க, 'உடோன் டி போலியூ' மாதிரி, அப்புறம் அண்ணன் வழி உடோன்னும் தம்பி வழி போலியூன்னும் பிரிஞ்சு போயிருக்கும். 1665ல பிரான்ஸ்ல இருந்து வந்த காரிஞான்-சாலியேர் ரெஜிமென்ட் சிப்பாய்ங்க பலருக்கு இப்படிப் பட்டப்பேர் உண்டு.

எனக்குக் கை கொடுத்தது பொம்பளைங்க பேருதான். சர்ச் ரெஜிஸ்டர்ல அவங்களைப் பொறந்த வீட்டுப் பேர்லயே எழுதியிருக்காங்க, கல்யாணம் ஆனாலும் மாத்தல, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். அதனால ஆம்பளை பேரை ஓரமா வெச்சிட்டு மனைவி பேரைப் போட்டு கல்யாணப் பதிவைத் தேடினேன், பெரும்பாலும் அதுல ரெண்டு பக்க அப்பா அம்மா பேரும் இருக்கும். ரிவியேர்-உவெல் ஊர்ப் பதிவுல மாப்பிள்ளை உடோன்னே இருந்தாரு!

ஞானஸ்நானப் பதிவு பாக்கும்போது ஒண்ணு கவனிங்க, பையன்களுக்கு ஜோசப், பொண்ணுங்களுக்கு மரின்னு முன்னாடி சேர்த்திருப்பாங்க, கூப்பிடுற பேரு பெரும்பாலும் கடைசில இருக்கும்.