செடிச் சாயம் துணியில் நிற்காமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீட்ரூட் வெந்த தண்ணீரில் வெள்ளைத் துணியை முக்கினால் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு வரும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் அலசலிலேயே பாதி நிறம் வாளித் தண்ணீரோடு போனது. மீதியை வெயில் குடித்துவிட்டது. செடிச் சாயத்தில் துணி ஓவியமோ, கம்பளி இழைகளை இறுக்கித் துணியாக்கும் ஃபெல்ட் வேலையோ செய்ய வருகிறவர்களில் பலரும் இந்த ஏமாற்றத்தோடுதான் வருகிறார்கள். “இயற்கைச் சாயம் என்றாலே நிற்காது” என்று சொல்லி அங்கேயே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நூற்றாண்டுகள் கடந்தும் சிவப்பு மாறாத சோழமண்டலக் கடற்கரைத் துணிகள் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவையும் செடிச் சாயத்தில் செய்தவைதான். தவறு நாம் தேர்ந்தெடுக்கும் பொருளிலும் சாயத்துக்கு முந்தைய வேலைகளிலும் இருக்கிறது.

முதலில் பொருள். நிறமாகத் தெரிவதெல்லாம் சாயம் ஆகாது. பீட்ரூட், செம்பருத்தி இதழ், சங்குப்பூ, நாவல் பழம், சிவப்பு முட்டைகோஸ் ஆகியவற்றின் நிறம் தண்ணீரிலும் சர்பத்திலும் அழகு, நூலில் நிலைக்காது. மஞ்சள் கொஞ்சம் வேறு மாதிரி. துணியில் உடனே பற்றும், ஆனால் வெயில் தாங்காது. தாலிக்கயிற்றுக்குத் திரும்பத் திரும்ப மஞ்சள் பூச வேண்டியிருப்பதை நினைத்துப் பாருங்கள். காரம் பட்டால் சிவக்கவும் செய்யும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் நடப்பது, மஞ்சள் சாயமேற்றிய துணியைச் சோப்புப் போட்டுத் துவைக்கும்போதும் நடக்கும். மஞ்சள் நிறம் வேண்டுமென்றால் மாதுளைத் தோல், வெங்காயச் சருகு, ஆயுத பூஜை முடிந்து வாடிப்போன துலுக்கச் சாமந்தி மாலை ஆகியவற்றை நம்பலாம். இவற்றில் மாதுளைத் தோலுக்கே என் முதல் வாக்கு. அதிலேயே துவர்ப்புப் பொருளும் (டானின்) இருப்பதால் பருத்தியில் நன்றாகப் பிடிக்கும்.

அடுத்தது அழுக்கெடுப்பு. கடையில் வாங்கிய துணி பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பருத்தியில் இயற்கையான மெழுகும், நெசவில் ஏறிய கஞ்சியும், ஆலையில் பூசிய பூச்சும் இருக்கும். சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரமாவது கொதிக்க வையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வருவதைப் பார்த்தால் இந்த வேலையை இனி ஒருபோதும் தவிர்க்க மாட்டீர்கள். திட்டுத் திட்டாகச் சாயம் ஏறிய துணிகளைப் பார்த்தால் பெரும்பாலும் இந்தப் படியைத்தான் விட்டிருப்பார்கள்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. “உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும்” என்று எங்கும் சொல்கிறார்கள். நிற்காது. சாயத்தையும் நூலையும் பிணைக்க ஓர் உலோக உப்பு வேண்டும், மார்டன்ட் என்பது அதைத்தான். வீட்டில் செய்கிறவர்களுக்குப் படிகாரம் போதும். ஆனால் பருத்தி படிகாரத்தையும் எளிதில் பிடித்துக்கொள்ளாது. அதற்கு முதலில் துவர்ப்பு ஏற வேண்டும். அதனால்தான் நம் பக்கத்துச் சாயக்காரர்கள் கடுக்காயில் தொடங்கினார்கள். சோழமண்டலக் கரையில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கூர்து, துணியில் வண்ணம் எழுதும் முறையைப் பற்றி 1742இல் எழுதிய கடிதத்தில் கடுக்காயும் எருமைப் பாலும் சேர்ந்த ஊறலை விவரித்திருக்கிறார். கலம்காரிக் கலைஞர்கள் இன்றும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் மை துணியில் ஊறிப் பரவாமல் தடுக்கும். தூரிகையால் எழுதுவதாக இருந்தால் பால் சேருங்கள், வெறுமனே முக்குவதற்கு அது தேவையில்லை.

அளவு இப்படி வைத்துக்கொள்ளலாம். 100 கிராம் உலர்ந்த பருத்தித் துணிக்கு 15 முதல் 20 கிராம் கடுக்காய்த் தூள். வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் அலசாமல் பிழிந்து உலர்த்துங்கள். பிறகு அதே அளவு படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஆறிய பின் துணியை ஊறவைத்து மீண்டும் உலர்த்துங்கள். ஓரிரு நாள் அப்படியே கிடக்கட்டும். அதன்பின் நிறையத் தண்ணீரில் அலச வேண்டும். இந்த அலசலை விட்டுவிட்டால், துணியில் ஒட்டாமல் நிற்கும் படிகாரம் சாயப் பானைக்குள் இறங்கிச் சாயத்தைத் திரித்துவிடும். அது பிறகு துணியில் ஏறாமல் வண்டலாகப் படியும். கலம்காரித் துணிகளை ஓடும் ஆற்று நீரில் அலசுவதற்கு இதுதான் காரணம். எடையைக் கண் மதிப்பில் போடாதீர்கள். ஒரு சின்னத் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்குவதே தவறு.

கடுக்காய் ஏறிய துணிக்கு இரும்பு ஆகாது. துருப்பிடித்த கொடிக்கம்பியில் காயப்போட்டால் கம்பி பட்ட இடமெல்லாம் கருங்கோடு விழும், அதைத் துவைத்து எடுக்க முடியாது. இதே வினையை வேண்டுமென்றே செய்வதுதான் கலம்காரிக் கறுப்பு. இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்து அந்த மையால் எழுதுகிறார்கள். அவசரத்துக்கு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைப் பயன்படுத்துகிறவர்கள் 100 கிராம் துணிக்கு 1, 2 கிராமோடு நிறுத்துங்கள். கூடினால் நாளடைவில் நூல் இற்றுப்போகும். அன்னபேதிக்குத் தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் வேண்டும், ஒரு சொட்டு கலந்தாலும் நல்ல மஞ்சள் அழுக்குப் பச்சையாகிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தாலும் இதே கதைதான். வாளியில் செம்படிவு விழுகிற தண்ணீர் என்றால் மழைநீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்திக்குச் செய்ததை அப்படியே கம்பளிக்கும் செய்வது ஃபெல்ட் வேலைக்கு வருகிறவர்களின் தவறு. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சூடும் ஈரமும் சோப்பும் உரசலும் சேர்ந்தால் இழைகள் நகர்ந்து, செதில்கள் ஒன்றோடொன்று கோத்து இறுகிவிடும். காஷ்மீரத்து நம்தா விரிப்பு உருவாவது இப்படித்தான். சாயப் பானைக்குள் அது நடந்துவிட்டால் கம்பளி கட்டியாகிவிடும். ஆகவே சோடா போட்டுக் கொதிக்கவைக்கக் கூடாது, கிளறிக்கொண்டே இருக்கக் கூடாது, சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போடவும் கூடாது. மெல்ல மெல்லச் சூடேற்றி, கொதி வருவதற்கு முன்பே நிறுத்தி, பானையிலேயே ஆறவிடுங்கள். கம்பளிக்குக் கடுக்காய் தேவையில்லை. 100 கிராமுக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம் போதும், கூடினால் இழை பிசுபிசுக்கும். வாங்கும்போதும் கவனம் வேண்டும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய ‘சூப்பர்வாஷ்’ கம்பளியில் செதில்கள் மழுங்கடிக்கப்பட்டிருக்கும். அது சாயத்தை நன்றாக ஏற்கும், ஆனால் எவ்வளவு உருட்டினாலும் ஃபெல்ட் ஆகாது.

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர் எளிதாகக் கிடைக்கிறது. சோழமண்டலத் துணிகளின் சிவப்புக்குப் பெயர்பெற்றது சாயவேர் என்னும் இம்பூறல். மஞ்சிட்டியைக் கொதிக்கவிட்டால் பழுப்பு இறங்கிச் சிவப்பு மங்கிவிடும். விரலை வைக்க முடியாத சூடு போதும், குமிழி வரக் கூடாது. நேரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

நீலச் சாயம் தரும் அவுரி முற்றிலும் வேறு உலகம். மற்ற இலைகளைப் போல அதையும் கொதிக்கவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் வலிக்கும். நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும், அல்லது மரபுப்படி வேகவைத்த தகரை விதையும் சேர்த்து, தொட்டிக்குள் பிராணவாயு இல்லாத நிலையை உண்டாக்கினால்தான் அது கரையும். தொட்டி தயாரானால் உள்ளே நீர் பச்சை கலந்த மஞ்சளாகவும், மேலே செம்பு மினுக்கும் ஏடாகவும் இருக்கும். நீர் இன்னும் நீலமாகவே தெரிந்தால் துணியை விடாதீர்கள். ஆழ்ந்த நீலத்துக்காக ஒரே தடவையாக வெகுநேரம் ஊறவைப்பதும் தவறு. ஓரிரு நிமிடம் முக்கி, சொட்டச் சொட்டத் தொட்டிக்கு மேலே பிழியாமல் மெல்ல வெளியே எடுத்து, காற்றில் பச்சை நீலமாக மாறும்வரை காத்திருந்து, மறுபடி முக்க வேண்டும். ஆறு ஏழு முறை முக்கிய நீலத்துக்கும் ஒரு முறை ஊறிய நீலத்துக்கும் உள்ள வித்தியாசம் தேய்த்துப் பார்த்தால் கையிலேயே தெரியும். கம்பளியைச் சுண்ணாம்புத் தொட்டியில் நெடுநேரம் விட வேண்டாம், காரம் இழையை அரிக்கும். எடுத்ததும் நீர்த்த வினிகரில் அலசுங்கள். வினிகருக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது.

இயற்கை என்ற சொல்லை நம்பி அஜாக்கிரதையாக இருப்பவர்களுக்கு ஒன்று. மார்டன்டாகச் சிலர் போடும் மயில்துத்தமும் (செம்பு உப்பு) டைகுரோமேட்டும் (குரோமிய உப்பு) நஞ்சு. நிறம் பளிச்சென்று வந்தாலும் வீட்டில் வேண்டாம். அரளியையும் எருக்கையும் பானையில் போடாதீர்கள். சாயப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

சுவரில் மாட்டும் படைப்பைச் செய்கிறவர்கள் துவைத்துப் பார்த்துவிட்டுச் சாயம் நிற்கிறது என்று நிம்மதி அடைகிறார்கள். சுவரில் தொங்கும் துணியை யார் துவைக்கப் போகிறார்கள்? அதன்மேல் விழுவது வெளிச்சம்தான். சாயமேற்றிய ஒவ்வொரு துணியிலும் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். பொருள், எடை, தேதி மூன்றையும் அட்டையில் எழுதிவிடுங்கள். மாதம் முடிந்து அட்டையை எடுக்கும்போது இரண்டு பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால், அந்தச் சாயம் ஜன்னல் எதிரே மாட்டும் வேலைக்கு உதவாது.