மாரி மழையும் நத்தார் பியரும்

மார்கழியில் பனங்கள் கிடையாது. மழைக்குள் பனையில் ஏறுகிறவர் எங்கள் பக்கத்தில் எவரும் இல்லை. தென்னங்கள்ளை என் வாய் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வெறும் நாட்களில்தான் அத்தான் டென்மார்க்கிலிருந்து கிளிநொச்சிக்கு வருவார். இரணைமடு வான் பாய்கிறதா என்று கேட்டுக்கொண்டே சூட்கேசைத் திறப்பார். சாரத்தில் சுற்றிய ஐந்தாறு போத்தல்கள், மேலே அக்கா கொடுத்துவிட்ட சொக்லேட். நத்தார் காலத்துக்கென்றே ஐரோப்பாவில் காய்ச்சுகிற பியர்கள் அவை.

முதல் வருடம் எல்லாவற்றையும் பிரிட்ஜின் உறைபெட்டிக்குள் திணித்தேன். ஒன்று உறைந்து வெடித்தது. மற்றவற்றைப் பல் கூசக் குடித்தோம். கசப்புத் தண்ணீர், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு தூரம் சுமந்து வந்தார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. மேசையில் மறந்துவிட்ட அரைக் கிளாஸை ஒரு மணி நேரம் கழித்து ஐயா எடுத்தார். அவர் முப்பது வருடம் பாளை சீவியவர். முட்டியிலிருந்து பிளாவில் வார்த்த கள்ளை அவர் உடனே வாயில் வைக்கமாட்டார். நுரையை ஊதி ஒதுக்கிவிட்டு மூக்கைக் கிட்டக் கொண்டுபோவார், பிறகுதான் ஒரு மிடறு. அன்றும் அப்படியே செய்தார். “பேரீச்சம்பழம் மணக்கிறது. நீங்கள் என்னத்தைக் குடித்தீர்கள்?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து ஐயாவின் முறைதான் என் முறை.

முதலில் குளிர். சாதாரண லாகர் பியரை நன்றாகக் குளிரவைத்துக் குடிப்பது சரி, எங்கள் வெயிலுக்கு அது தாகம் தீர்க்கிற சாமான். குளிர்காலப் பியர் அப்படியல்ல. பத்து முதல் பதின்மூன்று பாகை செல்சியஸில்தான் அதன் மணம் எழும்பும். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்ததை எடுத்து அரை மணி நேரம் மேசையில் விடுங்கள். மழை பெய்கிற இரவென்றால் இன்னும் பத்து நிமிடம். போத்தலின் மேல் பூத்த வியர்வை வடிந்து முடிகிற பதம்தான் எனக்குக் கணக்கு. திறந்த பிறகும் அவசரப்பட வேண்டாம். கடைசி மிடறுதான் பெரும்பாலும் நல்ல மிடறு.

கிளாஸ் வாய் ஒடுங்கியதாக இருக்கட்டும். விசேடமாக வாங்கத் தேவையில்லை, உள்ளே சவர்க்காரப் பிசுக்கும் எண்ணெயும் இல்லாமல் இருந்தால் போதும். பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. மீன்குழம்பு தின்ற உதடும் அதே வேலையைச் செய்யும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வார்க்காதீர்கள். மெதுவாகச் சுழற்றி முகர்ந்து, என்ன ஞாபகம் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வெள்ளைக்காரர் எழுதிவைத்த பழங்களின் பெயர் எதற்கு? எங்கள் வீட்டில் கருகிய பனங்கட்டி, பாண் தோல், கப்பல் வாழைப்பழம் என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

வாழைப்பழம் என்றதும் ஒன்று. பெல்ஜியப் பியர்களில் கராம்பும் வாழைப்பழமும் மணந்தால் அவற்றை உள்ளே போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். மதுவம் நொதிக்கும்போதே அந்த மணங்களை உண்டாக்கிவிடும். சில காய்ச்சுமிடங்கள் உண்மையிலேயே கறுவா, சாதிக்காய், தோடம்பழத் தோல், கொத்தமல்லி சேர்ப்பதும் உண்டு. ஜெர்மன்காரர் சேர்ப்பதில்லை, பியரில் வேறு சாமான் சேர்க்கக்கூடாது என்ற 1516 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பிடிவாதம். பொக் என்கிற அவர்களுடைய கடும் குளிர்காலப் பியரின் இனிப்பு முழுவதும் முளைவிட்ட வாற்கோதுமையிலிருந்து வருவது. கறுவா விளைகிற நாட்டில் பிறந்த எனக்கு, கறுவாவை அள்ளிக் கொட்டிய பியர் பலகாரத் தட்டை நக்கியது போல இருக்கும். அது என் குணம். அத்தானுக்கு அதுதான் பிடிக்கும்.

மெல்லியதிலிருந்து கடுமையானதுக்குப் போகவேண்டும். நாங்கள் டூபோர்க் யூலபிரூக்கில் தொடங்குவோம். 5.6 வீத அற்ககோல், பெரிய கம்பனிச் சரக்கு. டென்மார்க்கில் நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை இரவு 8.59 க்கு அதை வெளியிடுவதே ஒரு திருவிழாவாம். ருசியில் பெரிய ஆழம் இல்லை, நாக்கைத் துலக்க நல்லது. அடுத்தது பொக். பிறகு பெல்ஜியத்தின் சென்ட் பெர்னார்டஸ் நத்தார் பியர், 10 வீதம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீரும் ஒரு துண்டு வெறும் பாணும்.

கடைசியாக சாமிக்ளவுஸ். 14 வீதம். சூரிச்சில் ஹூர்லிமான் என்ற காய்ச்சுமிடம் தொடங்கிவைத்தது, இப்போது ஆஸ்திரியாவில் எக்கன்பெர்க்கில் காய்ச்சுகிறார்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள், டிசம்பர் 6, புனித நிக்கலஸ் திருநாளில் காய்ச்சி, ஏறத்தாழப் பத்து மாதம் கிடக்க விடுவார்கள். வார்த்தால் நுரை பேருக்கு எழும்பி அடங்கும். கிளாஸின் பக்கத்தில் பாணி போல வழியும். முதல் மிடறை விழுங்காமல் நாக்கின் மேல் வைத்திருந்தால் உலர்ந்த முந்திரிகை, பிறகு பனாட்டின், அதுதான் காயவைத்த பனம்பழக் களியின், புளிப்பில்லாத இனிப்பு, பிறகு தொண்டையில் சூடு. ஒரு சிறு போத்தலை நான்கு பேர் பங்கிட்டுக் குடிக்கிறோம். அதே அளவான 4.8 வீத லாகர் மூன்று போத்தலுக்குச் சற்றுக் குறைவான அற்ககோல் அதற்குள் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அதைத் திறப்போம்.

கடிக்க என்ன வைப்பது? மிளகாய் வேண்டவே வேண்டாம். கடும் பியரும் மிளகாயும் சேர்ந்தால் வாய் எரிவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. நத்தார் கேக், வறுத்த மரமுந்திரிகைப் பருப்பு, பனாட்டு. பனாட்டும் சாமிக்ளவுஸும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தவை என்று நான் சத்தியம் செய்வேன்.

எல்லாக் குளிர்காலப் பியரும் கறுப்பும் இனிப்புமல்ல. கலிபோர்னியாவின் சியரா நெவாடா காய்ச்சுமிடம் 1981 முதல் காய்ச்சுகிற செலிபிரேஷன் பியர், அந்த வருட அறுவடை ஹொப்ஸின் கசப்புக்காகவே செய்யப்படுவது; ஹொப்ஸ் என்பது பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற பூ. கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் தந்ததை அடுத்த நத்தாருக்கென்று பத்திரப்படுத்தினேன். பங்குனி வெயில் தாண்டியபோது அது நனைந்த மட்டைப்பெட்டியாக மாறியிருந்தது. ஹொப்ஸ் மணத்துக்காகச் செய்த பியர் உடன் கள் மாதிரி, வந்த கிழமையே முடிக்கவேண்டும். சாமிக்ளவுஸ் போன்ற கனத்த பியரைத்தான் வைத்து முதிரவிடலாம், அதுவும் குளிர்ந்த இருட்டில். கிளிநொச்சி ஓட்டு வீட்டு அலுமாரி அந்த வகையில் சேராது. பச்சைப் போத்தலை விறாந்தை வெயிலில் வைத்தால் பழுதாக நாள்கூடத் தேவையில்லை. வெளிச்சம் பட்டால் ஹொப்ஸ் சிதைந்து கெட்ட நாற்றம் வரும். மண்ணிறப் போத்தல் கொஞ்சம் தாங்கும்.

வெளிநாட்டில் அத்தான் இல்லாதவர்கள் எங்கள் லயன் ஸ்டவுட்டை வாங்கிப் பழகலாம். 8.8 வீதம், கருகிய கோப்பி, கறுப்புச் சொக்லேட். அரை மணி நேரம் வெளியே வைத்துப் பாருங்கள், ஐஸ் கட்டி போட்டுக் குடித்த அதே சாமானா என்று கேட்பீர்கள். பூரணை நாளில் கடை பூட்டு, முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

இந்த வருடம் அத்தானிடம் ஐந்து போத்தல் சொல்லியிருக்கிறேன். ஐயா தனக்கு ஒன்றும் வேண்டாமாம், கடைசிக் கிளாஸை ஒரு மணி நேரம் மேசையில் மறந்துவிடச் சொல்கிறார்.