கத்திரி வெயில்ல ஜெயிலுக்குள்ள சூட்ட சமாளிக்கிறது எப்படி

உள்ள இருக்குறவங்களோட வீட்டாளுங்களுக்குத்தான் மெயினா எழுதுறேன், டூட்டி பாக்குற வார்டர் யாராவது படிச்சாலும் யூஸ் ஆகும்.

மே 4 கத்திரி ஆரம்பிச்சிட்டா வேலூர், திருச்சி பக்கம் 40 டிகிரி தாண்டுறது சாதாரணம். மத்தியானம்தான் கஷ்டம்னு நினைப்போம், ஆனா பகல்ல எப்படியாவது மரத்தடி, வராண்டான்னு ஒதுங்கிக்கலாம், சாயங்காலம் 6 மணிவாக்குல லாக்கப் பண்ணிட்டா விடியிற வரைக்கும் கதவு திறக்காது, அப்பதான் பகல் பூரா காஞ்ச காங்கிரீட் தளமும் மேற்குப் பக்க சுவரும் சூட்ட உள்ள விட ஆரம்பிக்கும். அதனால எது செஞ்சாலும் லாக்கப்புக்கு முன்னாடி செஞ்சு வச்சுக்கணும்.

முதல்ல தண்ணி. பாட்டில், பக்கெட் எது இருக்கோ அதுல ரொப்பி வச்சுக்கணும், குடிக்க தனி, நனைக்க தனி. வெறும் ஃபேன நம்பாதீங்க, அறைக்காத்தே அனலா இருந்தா ஃபேன் அந்த அனலத்தான் மேல அடிக்கும். துண்ட நனைச்சு கழுத்து, நெஞ்சு, அக்குள்ல ஒத்திக்கிட்டு ஃபேன் காத்து பட்டாத்தான் உடம்பு குளிரும். புழல் மாதிரி புழுக்கம் உள்ள இடத்துல ஈரம் சீக்கிரம் காயாது, அங்க காத்தோட்டம் ரொம்ப முக்கியம், ஜன்னல் கம்பி முழுக்க லுங்கிய காயப்போட்டு வர்ற கொஞ்சக் காத்தையும் அடைச்சிடக்கூடாது.

ஓ.ஆர்.எஸ். கிடைச்சா நல்லது, இல்லன்னா 1 லிட்டர் தண்ணிக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாமே தலை தட்டி. கிட்னி, ஹார்ட் பிரச்சனை உள்ளவங்க மட்டும் டாக்டர கேட்டுட்டு குடிக்கணும்.

மாத்திரை விஷயத்த யாரும் கவனிக்கிறதே இல்ல. மனநல மாத்திரை (முக்கியமா லித்தியம்), யூரின் போக வைக்கிற பி.பி. மாத்திரை இதெல்லாம் சாப்பிடுறவங்கள சூடு சீக்கிரம் சாய்ச்சிடும். அதுக்காக மாத்திரைய நிறுத்தக்கூடாது, ஜெயில் டாக்டர்கிட்ட சொல்லணும். ரிமாண்ட்ல புதுசா வந்து குடி திடீர்னு நின்னுபோனவங்களும் ரிஸ்க்குதான், அவங்க நடுங்கி உளறுனா "சரக்கு இல்லாம அப்படித்தான்"னு விட்டுடுறாங்க, அது எதுவா இருந்தாலும் எமர்ஜென்சி.

யாராவது உளறுனா, தள்ளாடுனா, உடம்பு நெருப்பா கொதிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக்னே வச்சுக்கோங்க, வேர்வை இருந்தாலும் சரி. கத்தி வார்டர கூப்பிடுங்க, அவர் சாவி எடுத்துட்டு வர்றதுக்குள்ள சட்டைய கழட்டி உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறிகிட்டே இருங்க. நினைவில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க. பாராசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது.

இனி வெளிய இருக்குற நாம செய்யிறது. சூப்பிரண்டெண்ட்டுக்கு மனு எழுதுங்க, கைதி நம்பர், பிளாக், வியாதி, மாத்திரை பேரு எல்லாம் போட்டு, "சூடு தாங்கல"ன்னு மொட்டையா முடிக்காம "மேல்மாடில இருந்து கீழ மாத்துங்க", "ராத்திரிக்கு குடிதண்ணி செல்லுக்குள்ள வைங்க"ன்னு குறிப்பா கேளுங்க. காப்பி வச்சுக்கிட்டு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க. நடக்கலன்னா ரிமாண்ட் பண்ண கோர்ட்லயே வக்கீல் மூலமா சொல்லலாம், வக்கீல் வைக்க வசதி இல்லன்னா இலவச சட்ட உதவிக்கு 15100. குடிதண்ணி எப்ப வேணுமோ அப்ப கிடைக்கணும்னு கைதிகள எப்படி நடத்தணும்னு ஐ.நா. சபை 2015ல ஏத்துக்கிட்ட நெல்சன் மண்டேலா விதிகள்லயே இருக்கு, அத மனுவுல ஒரு வரி சேருங்க.

ஏசி கேட்டு மல்லுக்கட்டாதீங்க. அமெரிக்காவுல டெக்சாஸ்ல 2025 மார்ச்ல ஒரு ஃபெடரல் ஜட்ஜ் ஜெயில் சூடு அரசியல் சட்டத்துக்கே விரோதம்னு சொல்லிட்டு, ஏசி போடச் சொல்லி உடனே ஆர்டர் போடல. அதுக்கு பதிலா மொட்டைமாடிக்கு வெள்ளை சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி கேளுங்க, செலவு கம்மி, ஆனா வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பிப்ரவரி மார்ச்லயே கேக்கணும்.

மனு பாக்க (அதாவது உள்ள இருக்குறவர நேர்ல பாத்துப் பேச) போறப்ப "சாப்டியா"வோட நிறுத்தாம, யூரின் என்ன கலர்ல போகுது, எழுந்தா தலை சுத்துதா, ராத்திரி தண்ணி மிஞ்சுதான்னு கேளுங்க. மஞ்சள் கெட்டியா போகுதுன்னு சொன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு கிளம்புங்க.