தெரிந்த நிலத்தைக் கரித்துண்டால் வரைவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் நிலக்காட்சி வரையத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரையோ, உம்லாங்கா கடற்கரையின் கலங்கரை விளக்கத்தையோ, கேப் டவுனின் மேசை மலையையோதான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். அவை அழகான இடங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் தமிழர்களுக்கு வேறொரு யோசனை சொல்ல விரும்புகிறேன்: உங்கள் குடும்பம் உழைத்த, குடியிருந்த, அல்லது வெளியேற்றப்பட்ட ஒரு நிலத்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே இன்று தெரிவதோடு, முன்பு இருந்ததையும் அதே தாளில் வரையுங்கள். இதற்குக் கரித்துண்டைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அது ஏன் என்பதையும், வேலையை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

இந்த நாட்டில் நிலக்காட்சி ஓவியத்துக்கு ஒரு சங்கடமான பின்னணி உண்டு. ஜே. எச். பியர்னீஃப் 1932இல் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்துக்காக முடித்துக் கொடுத்த 32 சுவர்ப்பலகை ஓவியங்களில் மலையும் மேகமும் மரமும் மிக நேர்த்தியாக அமைந்திருக்கின்றன. மனிதர்களை ஏறக்குறைய காணவே முடியாது. ஆளே இல்லாத நிலம் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் போலத் தோன்றிவிடும் என்றும், வந்து குடியேறியவர்களின் பார்வைக்கு அது வசதியாக இருந்தது என்றும் பின்வந்த விமர்சகர்கள் எழுதினார்கள். பியர்னீஃபின் கைத்திறனை மதித்துக்கொண்டே இந்த விமர்சனத்தை நான் ஏற்கிறேன். கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் உழைத்தவர்களின் வழிவந்த நாம், ஆளில்லாத பச்சை வெளியாக அந்தத் தோட்டங்களை வரைவது சரியாகாது.

மாற்று வழியை மிகத் தெளிவாகக் காட்டியவர் 1955இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வில்லியம் கென்ட்ரிட்ஜ். 1989 முதல் அவர் உருவாக்கிவரும் உயிரூட்டப் படங்களில் ஒவ்வொரு காட்சிக்கும் பெரும்பாலும் ஒரே தாள்தான் பயன்படுகிறது. கரித்துண்டால் வரைவார், கேமராவில் ஒரு படம் எடுப்பார், திரும்பி வந்து ஒரு பகுதியை அழித்துச் சற்றே மாற்றி வரைவார், மறுபடி படம் எடுப்பார். கரியை எவ்வளவு தேய்த்தாலும் தாளிலிருந்து முழுவதும் போகாது என்பதால், நடந்து போன மனிதருக்குப் பின்னால் அவர் நடந்து வந்த தடம் சாம்பல் நிறத்தில் நின்றுவிடுகிறது. எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் நடந்த 1994இல் வெளியான அவருடைய ஒரு படத்தில், நந்தி என்ற பெண் நில அளவைக் கருவியோடு வெளியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்க, சுடப்பட்டு விழுந்த உடல்கள்மேல் செய்தித்தாள்கள் வந்து மூடி, பிறகு அவை நிலத்தோடு நிலமாகிவிடுகின்றன. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளை அவர் திரும்பத் திரும்ப வரைவதற்கும் பொருளுண்டு: மிச்சமிருக்கும் தங்கத்துக்காக அந்த மேடுகளை மீண்டும் அள்ளிக் கரைத்துவிடுகிறார்கள், மலைபோல நின்றது சில ஆண்டுகளில் தட்டை வெளியாகிவிடுகிறது.

நிலம் தன்மேல் நடந்ததைத் தானாகச் சொல்லாது. வரைகிறவர்தான் அதைத் தாளில் நிறுத்த வேண்டும். கென்ட்ரிட்ஜிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய கோட்டின் பாணியை அன்று, இந்த வரிசையைத்தான்: முன்பு இருந்ததை முதலில் வரைந்து, அழித்து, அந்தக் கறையின் மேலேயே இன்றைய காட்சியை வரைவது.

நிலத்தைத் தேர்ந்தெடுத்தல்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றதிலிருந்து தமிழர் உழைப்பு விழாத இடம் நேட்டால் கடலோரத்தில் குறைவு. டொங்காட், ஸ்டாங்கர், மவுண்ட் எட்ஜ்கோம் பகுதிகளில் கரும்பு இன்னும் நிற்கிறது. பல இடங்களில் அது போய்க் குடியிருப்புகளும் கடைகளும் வந்துவிட்டன. உம்லாங்கா மேட்டில் கேட்வே வணிக வளாகம் நிற்கும் இடமும், லா மெர்சியில் 2010இல் திறக்கப்பட்ட கிங் ஷாகா விமான நிலையமும் ஒரு காலத்தில் கரும்புக்காடுகள்தாம்.

ஆனால் இந்தப் பயிற்சிக்கு மிகப் பொருத்தமான இடமாக நான் கருதுவது டர்பனில் உள்ள கேட்டோ மேனர். ஒப்பந்தம் முடிந்த குடும்பங்கள் அங்கே வாழையும் காய்கறியும் பயிரிட்டு வாழ்ந்தன. ஆப்பிரிக்கக் குடும்பங்களும் ம்கும்பானே ஓடையின் இரு கரையிலும் நெருக்கமாகக் குடியிருந்தன. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்துக்குப் பின், 1950களின் இறுதியிலும் 1960களிலும் வீடுகள் இடிக்கப்பட்டன. ஆப்பிரிக்கர்கள் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும், இந்தியர்கள் பெரும்பாலும் சாட்ஸ்வொர்த்துக்கும் அனுப்பப்பட்டார்கள். கோயில்கள் மட்டும் ஆங்காங்கே நின்றன. அதன் பிறகு அந்த நிலத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் புல் மண்டிக் கிடந்தது.

இப்படிப்பட்ட நிலத்தில் முதலில் மரங்களைப் பாருங்கள். மாமரம் இந்த மண்ணின் காட்டுமரம் அன்று. புல்வெளி நடுவே தனியாக நிற்கும் பழைய மாமரத்தையோ, கவனிப்பாரின்றிப் புதராகிவிட்ட கறிவேப்பிலையையோ கண்டால், யாரோ ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் அதை நட்டிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. அங்கிருந்து சில அடி தூரத்தில் தரை சமதளமாக இருக்கிறதா, அடுக்குக்கல் ஏதும் புல்லுக்குள் தட்டுப்படுகிறதா என்று தேடுங்கள். வேப்பங்குடும்பத்தைச் சேர்ந்த சிரிங்கா மரத்தை மட்டும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். அது பறவைகளால் தானாகவே எங்கும் பரவிவிடுகிறது.

அடுத்த வேலை பெரியவர்களிடம் கேட்பது. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "ஆயா, அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்றால், "நல்லா இருந்தோம்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "ஆயா, வாசக்கதவு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது? தண்ணிக் குழாய் எவ்வளவு தூரம்? மழை பெய்தா தண்ணி எந்த வழியா ஓடும்?" என்று கேளுங்கள். கையை நீட்டித் திசை காட்டத் தொடங்கிவிடுவார்கள். சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஒரு சிறு தாளில் மேலிருந்து பார்க்கும் கோட்டுப்படம் போட்டு, அதை அவர்களிடமே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். கூட்டி அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஒதுக்குப்புறமான இடங்களுக்குத் தனியாகப் போகாதீர்கள். கரும்புத் தோட்டத்துக்குள் உரிமையாளரின் அனுமதியின்றி நுழையாதீர்கள். டர்பனின் புதர்ப் பகுதிகளில் மாம்பா பாம்புகள் உண்டு; கல்லைப் புரட்டுவதை விட்டுவிடுங்கள்.

பொருள்கள்

சதுர மீட்டருக்குக் குறைந்தது 200 கிராம் கனமுள்ள, சற்றே சொரசொரப்பான தாள் வேண்டும். வழவழப்பான தாளில் கரி பிடிக்காது, மெல்லிய தாள் இரண்டு முறை தேய்ப்பதற்குள் நார் நாராகிவிடும். கடையில் இரண்டு வகைக் கரி கிடைக்கும். மெல்லிய சுள்ளிகளைச் சுட்டுச் செய்த கரி எளிதில் அழியும். தூளாக்கி அழுத்திச் செய்த கரி ஆழ்ந்த கறுப்பைத் தரும், ஆனால் எளிதில் அழியாது. முதல் அடுக்குக்குச் சுள்ளிக்கரி மட்டுமே. அழுத்திய கரியைக் கடைசி நாள்வரை பெட்டியைவிட்டு எடுக்காதீர்கள். பிசைந்து உருமாற்றக்கூடிய மென்மையான அழிப்பான் ஒன்றும், பழைய பருத்தித் துணியும், தாளைப் பொருத்த ஒரு பலகையும் இருந்தால் போதும்.

சுள்ளிக்கரியை வீட்டிலேயே செய்யலாம். திராட்சைக்கொடி அல்லது வில்லோ மரத்தின் பென்சில் பருமனான சுள்ளிகளைப் பட்டை உரித்து உலர்த்தி, மூடி இறுக்கமான தகர டப்பாவில் இடைவெளியின்றி அடுக்குங்கள். மூடியில் ஆணியால் ஒரு துளை மட்டும் இட்டு, பிராய் நெருப்பில் வையுங்கள். துளை வழியே வரும் புகை நின்றதும் டப்பாவை வெளியே எடுத்து, முழுவதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டதும் உள்ளே இருப்பது தீப்பற்றிச் சாம்பலாகிவிடும்.

வரையும் முறை

வெளிச்சத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஓவியக் கையேடுகள் மாறாத வெளிச்சத்துக்கு வடக்குச் சன்னலைப் பரிந்துரைத்தால், நீங்கள் தெற்குச் சன்னலைத் தேட வேண்டும். வெளியில் வரையும்போது நண்பகலைத் தவிருங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்போதுதான் தரையின் சிறு மேடுபள்ளங்கள் நிழல் வீசித் தெரியும். பழைய வீட்டின் மண்திட்டும் தோட்டத்து வரப்பும் அப்போதுதான் புல்லுக்கடியிலிருந்து புலப்படும். மழை குறைந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு முன்னும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னும் ஏற்ற நேரம். ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கரித்துண்டைப் படுக்கவைத்துத் தாள் முழுவதும் தேய்த்து, துணியால் ஒருமுறை துடைத்தால் சீரான சாம்பல் நிறம் கிடைக்கும். இதுவே உங்கள் தரை. அதன்மேல், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்திருக்குமோ அப்படியே, பெரியவர் சொன்ன வீட்டையும் வாழை வரிசையையும் குழாயடியையும் வரையுங்கள். தொடுவானமும் குன்றின் வளைவும் பெரும்பாலும் மாறியிருக்காது. அவற்றை நேரில் பார்த்தே போடுங்கள், பழைய காட்சியின் அளவுகள் அவற்றைப் பற்றிக்கொண்டு சரியாக அமையும். இந்த அடுக்கை அவசரமாக முடிக்காதீர்கள். கதவுநிலையின் அகலம், தகரக் கூரையின் சரிவு, வேலிக்கழிகளின் சாய்வு ஆகியவற்றை, அழிக்கப்போவது தெரிந்தும், நிலைத்திருக்கப்போவது போலவே வரைய வேண்டும். அலட்சியமாகப் போட்ட கோடு அழித்த பிறகு வெறும் அழுக்காகத்தான் நிற்கும். கவனமாக வரைந்த கதவு சிலேட்டில் அழித்த எழுத்தைப் போலப் பிறகும் படிக்கக் கிடைக்கும்.

பிறகு அழியுங்கள். முதலில் துணியால் ஒரே திசையில், இடிப்பு நடந்த திசை தெரிந்தால் அந்தத் திசையிலேயே, துடையுங்கள். பிசையும் அழிப்பானால் சில இடங்களை ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்த்தால் தாளின் நார் எழும்பி அடுத்த அடுக்கு திட்டுத்திட்டாகப் பிடிக்கும். எதை எவ்வளவு விட்டுவைப்பது என்ற முடிவில்தான் ஓவியரின் கருத்து வெளிப்படுகிறது. எல்லாவற்றையும் ஒரே அளவு மங்கச் செய்யாதீர்கள். கூரை போய்விட்டு வாசற்படி மட்டும் தெளிவாக நிற்கலாம்.

இனி இன்றைய காட்சி: புல், மின்கம்பி, சாலை, புதிய வீடுகளின் வரிசை. இங்கேதான் அழுத்திய கரி பயன்படும். மாமரம் அன்றும் இன்றும் இருப்பதால், அதை அழிக்காமல் விட்டு, அதன்மேலேயே கறுப்பை ஏற்றிக் கிளைகளை வளர்த்துக்கொள்ளலாம்.

நிறம் வேண்டும் என்று தோன்றினால் ஒன்று போதும். கென்ட்ரிட்ஜும் கரிக்கு நடுவே சிவப்பையும் நீலத்தையும் மிகச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார். டர்பனின் பெரியா மேடு இரும்புச்சத்தால் சிவந்த பழைய மணற்குன்று. அந்தச் சிவப்பு மண்ணைச் சலித்து, மென்தூளை விரலால் தாளில் ஒற்றினால் நன்றாகவே பிடிக்கிறது. ஸ்டெலன்போஷைச் சேர்ந்த ஸ்ட்ரைடோம் ஃபான் டெர் மெர்வ மணல், கல், மரக்கிளை போன்ற அந்தந்த இடத்துப் பொருள்களாலேயே அந்தந்த இடத்தில் படைப்புகளை அமைத்து, புகைப்படம் எடுத்துவிட்டு, காற்றுக்கும் மழைக்கும் விட்டுவிடுகிறார். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஒரு பிடி மண் ஓவியத்தில் இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன்.

வேறு கலைஞர்களையும் பாருங்கள். 1945இல் டர்பனில் பிறந்த ஓமர் பாட்ஷா எடுத்த கிரே தெருப் புகைப்படங்களிலும், டேவிட் கோல்ட்பிளாட் ஜோகன்னஸ்பர்க்கின் பேஜ்வியூ பகுதியில், இந்தியக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட 1970களில் எடுத்தவற்றிலும், சுவரும் படிக்கட்டும் கடைப்பலகையும் எவ்வளவு பேசுகின்றன என்று கவனித்துப் பாருங்கள். நகர மண்டபத்தில் உள்ள டர்பன் கலைக்கூடத்துக்கும் கிளென்வுட்டில் உள்ள குவாசூலு-நேட்டால் கலைச் சங்கத்தின் (கேஇசட்என்எஸ்ஏ) கூடத்துக்கும் போகும்போது ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துச் சென்று, பிடித்த ஓவியத்தில் எது அழிக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் வரைந்து பழகுங்கள்.

முடித்தல்

கரி உதிராமல் இருக்கத் தெளிக்கும் பிணைப்பான் கடைகளில் கிடைக்கும். தலைமுடிக்குத் தெளிப்பதை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தினால் காலப்போக்கில் தாள் மஞ்சளாகலாம். ஆனால் உடனே தெளித்துவிடாதீர்கள். உங்களுக்கு இடத்தைச் சொல்லித்தந்த ஆயாவிடமோ தாத்தாவிடமோ முதலில் ஓவியத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "கதவு இந்தப் பக்கம் இல்லப்பா, அந்தப் பக்கம்" என்று சொன்னால், துணியை எடுத்து அழித்து, அவர்கள் காட்டும் பக்கத்தில் கதவை வையுங்கள். தவறான கதவின் கறையும் தாளில் கிடக்கட்டும். அவர்கள் சரி என்ற பிறகு, திறந்த வெளியில், ஒரு கை தூரத்திலிருந்து, மெல்லிய இரண்டு பூச்சுகளாகத் தெளியுங்கள். தாளின் பின்புறம் இடத்தின் பெயர், தேதி, நீங்கள் பார்த்த திசை, அவர்கள் அனுமதித்தால் சொன்னவரின் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். டர்பனின் ஈரக்காற்றில் தாள் நெளியும் என்பதால் தட்டையான உறையில் வைத்துப் பாதுகாத்து, சட்டமிடும்போது கண்ணாடி தாளைத் தொடாதபடி இடையில் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.